கின்ஜோ டேங்கும் பால் சாதமும்

சென்ற மாதம் சன்னிவேலில் தெரிந்தவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போலப் பெண்கள் ஹாலிலும் ஆண்கள் கராஜிலுமாகப் பிரிந்தோம். கராஜில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். கார்த்திக் என்ற பையன் மைக்ரோவேவ் முன்னால் நின்றுகொண்டிருந்தான். உள்ளே ஒரு காபி மக் சுற்றிக்கொண்டிருந்தது. மேடைமேல் ஒரு நீல பாட்டில். லேபிளைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தம்பி, முதல்ல அதை நிறுத்துப்பா!"

பையன் வெலவெலத்துப் போனான். குடிக்கிறான் என்று திட்டுவதாக நினைத்துவிட்டான்.

"சாரி ஆன்ட்டி, எனக்கில்ல, ஃப்ரெண்டுக்கு..."

"யாருக்கோ இருந்துட்டுப் போகட்டும். அது கின்ஜோ. அதைப் போய் யாராவது கொதிக்க வைப்பாங்களா?"

"சாக்கேன்னா ஹாட்டாதானே ஆன்ட்டி சர்வ் பண்ணுவாங்க? ரெஸ்டாரன்ட்ல எல்லாம் அப்படித்தான் குடுக்கறாங்க."

அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். "உங்களுக்கு எப்படிங்க ஆன்ட்டி இதெல்லாம் தெரியும்?" என்று ஒரு பெண் கேட்டாள். நான் இந்த வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றேன். ஒன்பது வருடம் ஹேவர்ட் பக்கத்தில் ஒரு சாக்கே ஆலையில் மைக்ரோபயாலஜிஸ்ட் வேலை. ஆனால் சன்னிவேலில் என்னைத் தெரிந்த அத்தனை பேரும் நான் ஏதோ 'ரைஸ் கம்பெனி'யில் இருந்ததாகத்தான் நினைத்திருந்தார்கள். அப்படி நினைக்க வைத்ததும் நாங்கள்தான்.

கார்த்திக் வேலை பார்த்த டாட்காம் கம்பெனி சமீபத்தில்தான் இழுத்து மூடப்பட்டது. எச்-1 விசா கையில், வேலை இல்லை. சிரித்துச் சிரித்துப் பேசினான், கண் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அதனால்தான் அன்றைக்கு அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்தக் கதையைச் சொன்னேன். "ஆன்ட்டி, இதைச் சங்கம் மலர்ல எழுதுங்க" என்றான். மலர்க் குழு போடுமோ போடாதோ, எழுதிவிட்டேன்.

முதலில் கின்ஜோ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சாக்கே என்பது அரிசியில் செய்வது. அரிசியின் மேல்பகுதியில் கொழுப்பும் புரதமும் இருக்கின்றன. உடம்புக்கு அது சத்து, வாசனைக்கு அதுவே சத்துரு. அதனால் அரிசியை இழைத்து இழைத்து மேல்பகுதியை எடுத்துவிடுகிறார்கள். நம் மில்லில் தவிடு போக்குவது போலல்ல, அரிசியே பொடியாகப் போகும்படி இழைப்பது. நூறு பங்கில் அறுபது பங்கோ அதற்கும் குறைவோ மிஞ்சினால் கின்ஜோ. பாதியோ அதற்கும் குறைவோ என்றால் டைகின்ஜோ. லேபிளில் அறுபது என்று போட்டிருந்தால் அது மிஞ்சியது, போனது அல்ல. இதை எல்லோரும் முதலில் தப்பாகத்தான் படிப்பார்கள், நானும் அப்படித்தான் படித்தேன். மிஞ்சிய மணி ஜவ்வரிசி மாதிரி உருண்டையாக, முத்து மாதிரி இருக்கும்.

பிறகு அதைக் குளிரில், மெதுவாக, வாரக்கணக்கில் நொதிக்கவிடுகிறார்கள். சுகமாகச் சூட்டில் வாழ்ந்த ஈஸ்ட் ஆல்கஹால் மட்டும் தரும். குளிரில் கஷ்டப்பட்ட ஈஸ்ட் வாசனையும் தரும். வாழைப்பழம், ஆப்பிள், முலாம்பழம் என்று ஒவ்வொரு டேங்குக்கும் ஒரு மணம். ஒரு பழத்தைக்கூட உள்ளே போட்டிருக்க மாட்டார்கள். சூடாக்கினால் அந்த மணம் முதல் ஆவியோடு போய்விடும். சூடாகக் குடிக்கவே ஆன நல்ல சாக்கேயும் உண்டு, அது வேறு ஜாதி. கின்ஜோவை மைக்ரோவேவில் வைப்பது மல்லிகைப் பூவை வேகவைப்பது மாதிரி.

நான் கோபிசெட்டிபாளையத்துக்காரி. கோயமுத்தூரில் படித்துவிட்டு ஈரோட்டில் ஒரு பால் பண்ணையின் லேபில் இருந்தேன். எனக்குத் தொழிலே தயிர்தான். எது உறையும், எது திரியும், எது நூல் விடும் என்று பார்த்தே இளமை போயிற்று. 1990இல் எங்கள் வீட்டுக்காரருக்கு இங்கே ஒரு டிஸ்க் டிரைவ் கம்பெனியில் வேலை கிடைத்து வந்தோம். எனக்கு டிபென்டன்ட் விசா, வேலை செய்யக் கூடாது. இரண்டு வருடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகு செய்தித்தாளில் ஒரு விளம்பரம் வந்தது. நொதித்தல் தெரிந்த மைக்ரோபயாலஜிஸ்ட் தேவை, விசாவுக்கும் ஏற்பாடு செய்வார்கள் என்று போட்டிருந்தது. நான் 'நொதித்தல்' வரை படித்துவிட்டு விண்ணப்பம் போட்டேன். இன்டர்வியூவுக்குப் போன பிறகுதான் என்ன கம்பெனி என்று தெரிந்தது.

வீட்டுக்காரர் கேட்டதும், "சாராயக் கம்பெனியா?" என்றார். பிறகு அவரே, "அரிசியிலதான பண்றாங்க? அரிசிக் கம்பெனின்னு சொல்லிக்கலாம். பொய்யில்லையே" என்றார்.

பொய்யில்லைதான். ஆனால் எட்டு வயது நித்யாவுக்கு இந்த ஏற்பாட்டை நாங்கள் சொல்ல மறந்துவிட்டோம். லிவர்மோர் கோவில் கேன்டீனில் ஓர் அம்மாள், "உங்கம்மா எங்க வொர்க் பண்றாங்க?" என்று கேட்டார். என் மகள் நிதானமாக, "ஷீ க்ரோஸ் மோல்டு" என்றாள். பூஞ்சை வளர்க்கிறாளாம். அந்த அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

ஆலையில் என் மேலதிகாரி மொரிடா சான். 'சான்' என்பது எங்கள் கொங்குநாட்டு 'ங்க' மாதிரி, பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும் மரியாதை. அவர்தான் எங்கள் தோஜி, அதாவது சாக்கே வடிப்பதில் தலைமைக்காரர். பனி கொட்டும் வட ஜப்பானிலிருந்து வந்தவர், என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர். வெள்ளை பூட்ஸ், வெள்ளைத் தொப்பி. பிடித்தால் "ம்" என்பார், பிடிக்காவிட்டாலும் "ம்" என்பார். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அவர் பேசியது உடைந்த ஆங்கிலம், நான் பேசியது கோபி ஆங்கிலம். இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

ஒரு காலத்தில் சாக்கே ஆலைக்குள் பெண்கள் நுழையவே கூடாது என்று அவர்கள் ஊரில் வழக்கமாம். அதைப் படித்துவிட்டுப் பயந்துகொண்டே போனேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றார்.

"இட்லி."

"இட்லி என்றால்?"

அரிசியும் உளுந்தும் ஊறவைத்து, அரைத்து, கலந்து வைத்துவிட்டால் மறுநாள் தானாகப் பொங்கிவிடும் என்று விளக்கினேன்.

"தானாகவா? எதுவும் சேர்க்காமலா?"

"எதுவும் சேர்க்காமல். அதுவாகவே புளிக்கும்."

மொரிடா சான் ஓரடி பின்னால் போனார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளிடம் என்னை அழைத்துப் போனார். குளிர்காலத்தில், சாக்கே வடிக்கும் வேலை முடியும் வரை, ஆலையில் யாரும் நட்டோ சாப்பிடக் கூடாது, தயிர் சாப்பிடக் கூடாது. நட்டோ என்பது சோயாவைப் புளிக்கவைத்து நூல் நூலாக இழுக்கும் ஒரு பண்டம், அதன் கிருமி அரிசியில் ஏறினால் வேலை கெட்டது. பேனாவை எடுத்து அந்தத் தாளின் அடியில் ஜப்பானிய எழுத்தில் ஏதோ எழுதினார். என்ன என்று கேட்டேன். "இட்லி" என்றார்.

நட்டோவை விடுவதில் எனக்கென்ன கஷ்டம், அதன் முகத்தையே நான் பார்த்ததில்லை. இட்லியும் போகட்டும். தயிர் என்ற வரியில்தான் நான் கொஞ்சம் தடுமாறினேன். மோர் ஊற்றாமல் சாப்பாடு எப்படி முடியும்? ரசத்தோடு எழுந்தால் பாதியில் எழுந்த மாதிரியே இருக்கும். ஆனாலும் விட்டேன். அந்தக் குளிர்காலமும் அதற்கடுத்ததும் நான் தயிரைத் தொடவில்லை. பிள்ளைக்காக மாவு மட்டும் அரைத்தேன், அரைத்த பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அந்த முதல் வாரத்திலேயே ருசி பார்க்கவும் கூப்பிட்டார். வெள்ளைப் பீங்கான் கிண்ணம், அடியில் நீல நிற வட்டங்கள். சாக்கேயின் நிறமும் தெளிவும் அந்த நீலத்தின்மேல் தெரியும். நான் கிண்ணத்தை எடுத்து, பழக்கத்தில் அண்ணாந்து, உதடு படாமல் வாயில் ஊற்றிக்கொண்டேன். ஆபீஸ் கிண்ணம், நாலு பேர் தொடுவது, எச்சில் செய்யலாமா?

மொரிடா சான் கையிலிருந்த கிண்ணத்தை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"இது என்ன?"

எச்சில் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாய் மட்டும் போதாது. மூக்கு உள்ளே போக வேண்டும். மூக்குப் போக வேண்டுமானால் உதடு பட வேண்டும்" என்றார். கிண்ணத்தை மூக்கருகே பிடித்து, மணம் வாங்கி, உதட்டில் வைத்துச் சிறிது உறிஞ்சி, நாக்கில் உருட்டி, பக்கத்து வாளியில் துப்பிக் காட்டினார். பிறர் முன்னால் துப்புவதும் எனக்குப் புதிது. கொஞ்ச நாளில் இரண்டும் பழகிவிட்டன. துப்புவது மட்டும் நான் பிடிவாதமாகக் கடைசி வரை வைத்துக்கொண்டேன். ஒரு சொட்டும் விழுங்கியதில்லை. "அரிசிக் கம்பெனி"க்கு நான் செய்த மரியாதை அது. ஒரே ஒரு முறை தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

1994ஆம் ஆண்டுக் குளிர்காலம் வரை எங்கள் ஆலையில் சாதாரணச் சாக்கேதான். அந்த வருடம்தான் ஒரே ஒரு டேங்க் கின்ஜோ போட முடிவு செய்தார்கள். ஜப்பானிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு நம்பிக்கையில்லை. கலிபோர்னியா அரிசியில், கலிபோர்னியாத் தண்ணீரில் கின்ஜோவா என்று கேட்டார்களாம். மொரிடா சான் முடியும் என்றார்.

அவர் வேலை செய்வதைப் பார்த்தால்தான் புரியும். இழைத்த அரிசி தண்ணீரைக் கண்டால் தாகம் எடுத்தவன் மாதிரி குடிக்கும், கொஞ்சம் அசந்தாலும் குழைந்துவிடும். கையில் கடிகாரத்தோடு கூடைப் பக்கத்திலேயே குனிந்திருப்பார். கடிகாரத்தைவிட அரிசியின் நிறத்தைத்தான் அதிகம் பார்ப்பார். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மிச்சமிருக்கும்போதே "இப்ப!" என்பார், கூடை வெளியே வந்துவிட வேண்டும். பிறகு ஆவியில் வேகவைப்பது, புட்டு மாதிரி. வெளியே விறைப்பாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்க வேண்டும். ஆறியதும் அதில் ஒரு பகுதியைச் சூடான மர அறைக்குக் கொண்டுபோய் பூஞ்சை வித்தைத் தூவுவார். பச்சை நிறத் தூள், புகை மாதிரி இறங்கும். அது அடங்கும் வரை அறைக்குள் யாரும் அசையக் கூடாது. நான் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன். பூத்த அரிசிக்குக் கோஜி என்று பெயர். அதன் வாசனை சுட்ட வேர்க்கடலை மாதிரி இருக்கும்.

டேங்கில் எல்லாம் சேர்ந்த பிறகு அதைத் துழாவ ஒரு நீண்ட துடுப்பு. மூங்கில் கம்பு, முனையில் ஒரு சிறிய மரப்பலகை. எங்கள் ஆலையில் ஸ்டீல் துடுப்புகள் உண்டு. ஆனால் கின்ஜோ டேங்குக்கு மொரிடா சான் தன் சொந்தத் துடுப்பை எடுத்தார். ஊரில் அவர் இருபது வருடம் வேலை பார்த்த ஆலையின் ஆட்கள், அவர் அமெரிக்கா புறப்பட்டபோது கையில் கொடுத்து அனுப்பியது. தினமும் கொதிக்கும் நீரில் அவரே கழுவுவார். வேறு யாரும் தொடக்கூடாது.

அந்த இலையுதிர் காலத்தில்தான் எங்கள் வீட்டுக்காரருடைய கம்பெனி கதவைச் சாத்தியது. அவர் விசா போய், என் விசாவில் டிபென்டன்ட் ஆனார். கிரீன் கார்டு மனு என் கம்பெனி மூலமாகத்தான் போயிருந்தது. விஷயம் இவ்வளவுதான்: எனக்கு வேலை இருந்தால் நாங்கள் மூவரும் இங்கே இருக்கலாம், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். நித்யா பள்ளிக்கூட வருடத்தின் நடுவில் இருந்தாள். வீட்டுக்காரர் நாள் முழுக்க ரெஸ்யூமே அனுப்பிவிட்டு, மனசு ஆறாமல் சமையலறையில் புகுந்துகொண்டார். எனக்கு டிபன் பாக்ஸ் கட்டுவது தன் வேலை என்று எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் மதியம் ஆலைச் சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறக்கிறேன், வெள்ளை வெளேரென்று தயிர் சாதம். கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி எல்லாம் போட்டு அழகாகத் தாளித்திருந்தார். மூடியை எடுத்து மூடப் போனேன். அதற்குள் ஜெனரல் மேனேஜர் கிரெக் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நல்லா இருக்கே, என்ன அது? யோகர்ட்டா?"

டப்பாவை மூடிக் காருக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அன்று பட்டினி கிடந்தேன். மத்தியானம் டேங்க் அறைப் பக்கமே போகவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து வெடித்தேன்.

"தயிர் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேனுங்க?"

"தயிர் எங்கம்மா போட்டேன்? பால் சாதமில்ல கட்டுனேன்!"

"தயிர் மாதிரிதானுங்க இருந்துது!"

"சோத்துல பாலை ஊத்தி, உறைக்கு ஒரு சொட்டு மோரு உட்டேன். நீ சாப்புடறப்ப புளிக்காம பதமா இருக்குமேன்னு. தயிரு ஒரு கரண்டிகூடப் போடல. சத்தியமா!"

எங்கள் ஊரில் ரயிலுக்குக் கட்டுகிற சாதம் அது. காலையில் பால், மதியம் தயிர். அவரைப் பொறுத்தவரை டப்பா வீட்டை விட்டுப் போகும்போது அது பால் சாதம். அதற்குப் பிறகு அது என்னவானது என்பது அவர் பொறுப்பில்லை. நான் ஈரோட்டில் பத்து வருடம் சம்பளம் வாங்கிப் பார்த்த வேலையை அந்தச் சொட்டு மோர் ஓசியில் செய்து முடித்திருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. வேலை போன மனுஷன், பெண்டாட்டிக்கு வாய்க்கு ருசியாக ஏதாவது கட்ட வேண்டும் என்று நினைத்தது குற்றமா?

அடுத்த வாரம் கின்ஜோ டேங்க் புளிக்க ஆரம்பித்தது.

தினமும் காலையில் டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புளிப்பை அளப்பது என் வேலை. அன்று அளவு ஏறியிருந்தது. என் கை தவறியதோ என்று மறுபடி அளந்தேன். அதே அளவு. கிண்ணத்தில் ஊற்றி முகர்ந்தேன். முந்தின நாள் வரை பூவன் பழ மணம் வந்துகொண்டிருந்த டேங்க், அன்று மோர்ப்பானை மாதிரி வீசியது. மொரிடா சானிடம் கிண்ணத்தை நீட்டினேன். அவர் உதட்டில் வைக்கவேயில்லை. மூக்கருகே கொண்டு போனதும் முகம் வெளுத்துவிட்டது. "ம்" கூடச் சொல்லவில்லை.

கிரெக் கெட்டவர் அல்ல. "நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை" என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் அவர் பார்த்த டப்பா அவர் கண்ணிலேயே நின்றது. "வெள்ளிக்கிழமை எனக்கு ரிப்போர்ட் வேண்டும். உங்கள் சாப்பாட்டிலிருந்துதான் வந்தது என்றால் தலைமை அலுவலகத்துக்கு நான் எழுதியாக வேண்டும். புரிகிறதில்லையா?"

புரிந்தது. பால் சாதம் என்ற பெயரை நான் அவருக்கு விளக்கப் போகவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன்: கணவர் கட்டியது, தயிராகிவிட்டது, ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, அந்த மதியம் டேங்க் பக்கம் போகவுமில்லை. நம்பினாரா என்று தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால், தயிரைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. தயிர்க் கிருமி சுகவாசி, அந்தக் குளிரும் ஆல்கஹாலும் அதற்கு ஆகாது. என் பயமெல்லாம் மாவைப் பற்றித்தான். இட்லி மாவைப் பொங்கவைக்கும் கிருமியும், பழைய ஜப்பானிய முறையில் சாக்கேயின் ஆரம்பத்தில் தானாக வந்து சேரும் கிருமியும் ஒரே இனம். குளிரிலும் வளரும். அது என் கையோடு போயிருந்தால்? சோப்பு எவ்வளவு போட்டாலும் நகக்கண்ணில் இருந்திருந்தால்? மொரிடா சான் அன்று ஓரடி பின்னால் போனது சரிதானோ என்று நானே நினைத்தேன்.

வீட்டிலிருந்து தயிரும் மாவும் சீல் வைத்த குப்பிகளில் கொண்டுவந்து, ஆலைக் கட்டடத்துக்கு வெளியே இருந்த வாடகை லேபில் வேலையை ஆரம்பித்தேன். தயிர்க் கிருமியைத் தனியே பிரித்தேன், மாவுக் கிருமியைப் பிரித்தேன், டேங்கைக் கெடுத்த கிருமியைப் பிரித்தேன். வடிகட்டித் தெளிந்த சாக்கேயை மூன்று சோதனைக் குழாய்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கிருமியை விட்டேன். அந்த ஆல்கஹாலில் எது வளர்கிறதோ அந்தக் குழாய் கலங்கும், வளராதது தெளிவாகவே இருக்கும். மாவுக் குழாய் கலங்கினால் கோபிக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

காத்திருந்த நாட்களில் ஆலையில் மற்ற இடங்களையெல்லாம் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். குழாய்கள் சுத்தம். வால்வுகள் சுத்தம். மிச்சம் ஒன்றுதான்.

மொரிடா சான் டேங்க் மேடைமேல் நின்றிருந்தார். "உங்க துடுப்பையும் பார்க்கணும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், துடுப்பைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு பார்த்தால், இரண்டு கைகளிலும் ஏந்தி என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார். கம்பும் பலகையும் சேரும் மூட்டில், கட்டியிருந்த நாரின் அடியில் பஞ்சை நுழைத்துத் துடைத்தேன். திருப்பிக் கொடுத்தபோதும் இரண்டு கைகளிலும் வாங்கினார். அன்றைக்குப் பிறகு அவர் அதை டேங்கில் விடவில்லை.

வியாழக்கிழமை முடிவு வந்தது. தயிர்க் குழாய் தெளிவு. மாவுக் குழாய் கண்ணாடி மாதிரி தெளிவு. டேங்க் குழாய் கலங்கிப் பால் மாதிரி இருந்தது. மாவுக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன், கண்ணில் நீர் வந்து அதுவே கலங்கலாகத் தெரிந்தது. நானில்லை. என் வீட்டுச் சாப்பாடு இல்லை. பிறகு கடைசித் தட்டைப் பார்த்தேன். துடுப்பு மூட்டில் எடுத்த பஞ்சிலிருந்து வளர்ந்ததும் டேங்கைக் கெடுத்ததும் ஒன்றேதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

"அப்பறம் என்ன? நாளைக்குப் போய்ப் பளிச்சுனு சொல்லீரு."

"சொன்னா அவரு வேலை போயிருங்க."

"சொல்லாட்டி உன் வேலை போயிரும். அவருக்காச்சும் திரும்பிப் போறதுக்கு ஊருல ஒரு கம்பெனி இருக்குது. நமக்கு?" பிறகு அவரே சொன்னார்: "எதுக்கும் மொதல்ல அவருகிட்டச் சொல்லீரும்மா. அடுத்தவங்க வாயில கேக்கக் கூடாது. எனக்கு எங்க மேனேஜர் சொல்லல, பேப்பர்ல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை மொரிடா சானை லேபுக்குக் கூப்பிட்டு மூன்று குழாய்களையும் தட்டையும் காட்டினேன். மைக்ரோஸ்கோப்பில் அவரே குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் "ம்" என்றார். எந்த "ம்" என்று எனக்குப் பிடிபடவில்லை. போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பின்பக்கப் பட்டறையிலிருந்து ரம்பம் அறுக்கும் சத்தம் கேட்டது.

கிரெக் அறைக்கு நான் ரிப்போர்ட்டோடு போய் உட்கார்ந்தேன். வாயைத் திறப்பதற்குள் மொரிடா சான் வந்தார். கையில் துடுப்பின் மூட்டு, நீளவாக்கில் இரண்டாக அறுத்தது. கிரெக்கின் மேஜைமேல் இரண்டு பாதிகளையும் வைத்தார். வெளியே வழவழவென்றிருந்த மூங்கில், உள்ளே கறுத்துப் பொத்தலாக இருந்தது. கொதிநீர் அதுவரை போனதேயில்லை.

"டேங்கைக் கெடுத்தது இது. என் பொருள், என் கை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பிக் குனிந்தார். அவர்கள் ஊர் வழக்கப்படி, நெடுநேரம். எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

இருபது வருடம் கூட வேலை செய்தவர்கள் கொடுத்த பொருளை, நான் சொல்லியிருந்தாலே போதும் என்கிற ஒரு விஷயத்துக்காக, அந்த மனுஷர் தன் கையாலேயே அறுத்துக்கொண்டு வந்தார். அன்று அவர்மேல் வந்த மரியாதை இன்று வரை குறையவில்லை.

அந்த டேங்க் சமையலுக்கான சாக்கேயாகப் போயிற்று. தலைமை அலுவலகம் குதித்தது. வெளியிலிருந்து பார்த்தால் அழுகல் தெரியவே தெரியாது என்று ரிப்போர்ட்டில் பிறகு ஒரு வரி சேர்த்தேன், அது உண்மையும்கூட. கிரெக் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மொரிடா சானுக்காகப் பேசினார். இன்னொரு குளிர்காலம் கொடுத்தார்கள்.

அந்தக் குளிர்காலம் வந்தபோது சுவரில் அதே தாள். நட்டோ, தயிர், இட்லி. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதான் நிரூபிச்சாச்சே. தயிரும் இல்லை, இட்லியும் இல்லைன்னு. இன்னும் எதுக்கு இது?"

மொரிடா சான் யோசித்தார். "நான் இருபத்தைந்து குளிர்காலமாக நட்டோ சாப்பிடவில்லை. எனக்கு நட்டோ ரொம்பப் பிடிக்கும்" என்றார். "நான் மட்டும் ஏன் கஷ்டப்பட வேண்டும்?"

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அந்த வருடமும் நான் தயிரைத் தொடவில்லை. இந்த முறை அவர் கையில் ஸ்டீல் துடுப்பு. பிப்ரவரியில் டேங்கைப் பிழிந்தார்கள். முதல் ஒழுக்கைக் கிண்ணத்தில் பிடித்து, கிரெக்குக்கு முன்னால் எனக்கு நீட்டினார். மூக்கை உள்ளே விட்டேன். பூவன் பழம், அதற்கடியில் மெல்லிசாக ஆப்பிள். உதட்டில் வைத்து, நாக்கில் உருட்டினேன். வாளி பக்கத்தில்தான் இருந்தது. மொரிடா சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படித் துப்புவது? விழுங்கிவிட்டேன்.

அந்த ஏப்ரலில் கிரீன் கார்டு வந்தது. மூன்று பேருக்கும். ஆலையில் கின்ஜோ வேலை முடிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொரிடா சானைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். இட்லியை உற்றுப் பார்த்து, முகர்ந்து, ஏழெட்டுச் சாப்பிட்டார். எங்கள் வீட்டுக்காரர் முந்தின இரவே திட்டமிட்டு, காலையில் பாலை ஊற்றி ஒரு சொட்டு உறைவிட்ட சாதத்தை மதியம் பதமாகப் பரிமாறினார். "திஸ் இஸ் பால் சாதம்" என்று அழுத்திச் சொன்னார். கடைசியில் டம்ளரில் மோர்.

மொரிடா சான் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். "உதடு படக்கூடாது" என்றேன்.

"பிறகு மூக்கு?"

"மோருக்கு மூக்கு வேண்டாம். அண்ணாந்து ஊத்திக்கோங்க."

நித்யா ஒரு டம்ளரை எடுத்து, "லைக் திஸ், அங்கிள்" என்று செய்து காட்டினாள். அவர் பயபக்தியோடு அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார். பாதி மோர் வாயில், மீதி மோவாய் வழியாக வெள்ளைச் சட்டை முழுவதும். எங்கள் வீட்டுக்காரர் துண்டை எடுக்க ஓடினார். நித்யா தரையில் விழுந்து சிரித்தாள். மொரிடா சான் சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, "ம்" என்றார். நல்ல "ம்".

"மொரிடா சான்," என்றேன், "நாளைக்கு இந்தச் சட்டையோட டேங்க் பக்கம் வந்துடாதீங்க."